அல்டனேட்டர் மாற்றியும் பற்றரி விளக்கு அணையவில்லையா?

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரை நீடித்ததால் மலையகத்தில் பழைய வான்களின் தேவை கூடியது. ஹட்டன் பக்கத் தோட்டங்களில் இரவில் நோயாளியை ஏற்றிச்செல்வதும் பலவேளை அவைதான். மின்னேற்றம் நின்றால், பனிமூட்டத்தில் முன்விளக்கும் வைப்பரும் பற்றரியை விரைவில் தீர்த்துவிடும்.

அல்டனேட்டர் மாற்றியும் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் நான் முதலில் எடுப்பது மீற்றரைத்தான். எஞ்சின் ஓடும்போது பற்றரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் மின்னேற்றம் நடக்கிறது. விளக்குக்குச் செல்லும் சிறு வயரையும் அதன் பிளக்கையும் பார்க்கவேண்டும். 12.6க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் தளர்ந்த பெல்ட், எரிந்த பிரதான பியூஸ், கறள் பிடித்த ஏர்த் இணைப்பு என ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே மாற்றிய அல்டனேட்டரைச் சந்தேகிப்பேன்.

எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றிச் சோதிக்காதீர்கள், ரெகுலேட்டர் எரியக்கூடும். இன்னொரு அல்டனேட்டருக்குக் காசு கொடுக்குமுன் மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.