வெள்ளோட்டத்தின் பயன்

பெரும் போட்டிக்கு முன்னர் அயல்நாடு சென்று ஆடும் பயிற்சியாட்டங்களை வீண் செலவெனக் கருதுவாருளர். அஃது எமக்கு உடன்பாடன்று. மண்ணும் காற்றும் நாட்டுக்கு நாடு வேறுபடும். பழகாத களத்திற் பந்து எழும் உயரத்தைக் கை உடனே அறியாது. மூத்த அணிகள் இப்பழக்கத்தை ஆண்டுதோறும் பெறுவன. வளரும் நாடுகளுக்கோ அவ்வாய்ப்பு அரிது.

இதற்கு அயர்லாந்து தக்க சான்று. 2007ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தின் முன் அவ்வணி நைரோபியிலே தோல்விகளையே மிகுதியாகக் கண்டது. பின்னர்த் திரினிடாட்டிலே தென்னாபிரிக்காவின் 8 விக்கெற்றுக்களை 91 ஓட்டங்களுக்கு வீழ்த்தியும், ஈற்றில் 35 ஓட்டங்களால் தோற்றது. ஆயினும், பேரணியும் தளரும் என்பதை அன்று கண்டுகொண்டது. இரு வாரத்துள், மார்ச் 17இல், யமேக்காவிலே பாக்கிஸ்தானை 132 ஓட்டங்களுக்குள் அடக்கி, 3 விக்கெற்றுக்களால் வென்றது. பசுமையான களமும் அன்று துணைநின்றது உண்மையே. எனினும், அத்துணையைப் பயன்கொள்ளும் துணிவு முன்னைத் தோல்விகள் தந்ததாகும்.

மாணவர்களே, பயிற்சியில் வரும் தோல்விக்கு அஞ்சற்க. பழைய மாணவர்களே, நம் கல்லூரி அணியை வெளியூர்க் களங்களுக்கு அனுப்பிவைப்பது நீவிர் செய்யத்தக்க நற்பணியாகும்.