பெயின்ட் டப்பாவை ஓரமாக வையுங்கள்!

அம்பாசடர் கல்கத்தா பக்கத்திலிருந்து வந்தது, பத்மினி பம்பாயிலிருந்து. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மட்டும்தான் நம்ம ஊர்ச் சரக்கு. சென்னையை ஒட்டிய வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் தொழிற்சாலையிலிருந்து 1961-ல் வெளியே வந்தது. 1968-ல் நாலு கதவு வந்தது. 1972-ல் ‘கெஸல்’ என்று பெயர் மாறியது. 1977-ஓடு அந்த வம்சமே முடிந்தது. எண்பதுகளில் அதே கம்பெனி ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்ற கனமான காரில் ஓல்டு மாடல் இன்ஜினை வைத்து விற்கப் பார்த்து, கையைச் சுட்டுக்கொண்டு, 1988-ல் மூடிவிட்டது. தாத்தா ஓட்டிய ஹெரால்டு இன்னும் சில வீட்டு ஷெட்டுகளில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. பேரனுக்கு ஒருநாள் ஆசை வருகிறது. டிங்கரிங் பட்டறைக்காரரைக் கூட்டிவந்து காட்டுகிறார்.

“முதல்ல பட்டி போட்டு ஒரு பெயின்ட் அடிச்சுடுவோம் சார். பார்க்க ஜம்முனு இருக்கும். மத்ததெல்லாம் மெதுவா பார்த்துக்கலாம்.”

இதற்குத் தலையாட்டினால், கதை அங்கேயே முடிந்தது. காசெல்லாம் பளபளப்பில் போய்விடும். துரு உள்ளேயிருந்து தின்று வரும் சமாச்சாரம். அதன்மேல் பட்டியைப் பூசினால் அடுத்த மழைக்காலத்துக்குள் கொப்புளம் கிளம்பிவிடும். ஓடாத காருக்குப் புதுப் பெயின்ட் அடிப்பதைவிட, மங்கிய பெயின்ட்டோடு ஓடும் கார் எவ்வளவோ மேல். பெயின்ட் கடைசி வேலை.

வீட்டிலேயே வைத்துச் செய்வதற்கு ஹெரால்டைப் போல வாகான கார் குறைவு. காரணம், இங்கிலாந்தில் நடந்த ஒரு வியாபாரப் போட்டி. ஸ்டாண்டர்ட் ட்ரையம்ஃப் கம்பெனிக்குக் கார் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை, 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்ய வழியில்லை. அதனால் புதுக் காரைத் தனி சேஸிஸ் மேல், துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு மாட்டும்படி அமைத்தார்கள். உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. 1959-ல் அங்கே ‘ட்ரையம்ஃப் ஹெரால்டு’ என்று வந்த அந்தக் கார்தான் இங்கே நம் ஹெரால்டானது. அன்று அவர்களுக்கு வேறு வழியில்லாமல் போட்ட போல்ட், இன்று ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவருக்கு வரம். பானெட்டோடு இரண்டு மட்காடும் சேர்ந்து ஒரே மூடியாக முன்பக்கம் கவிழும். அதைத் திறந்துவிட்டு முன் டயர் மேலேயே உட்கார்ந்து இன்ஜினைக் குடையலாம்.

முதலில் காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சேஸிஸின் இரண்டு சட்டங்கள் நடுவாக ஓடும். அவற்றிலிருந்து பக்கவாட்டில் கைகள்போல நீளும் தகடுகள்தான் பாடியைத் தாங்குகின்றன. சேறும் ஈரமும் தங்குவது அங்கேதான். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினால், அந்தத் துண்டை அறுத்தெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைக்க வேண்டும். பாடியைக் கழற்றும்போது, சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் வாஷர்களை இடத்துக்கு இடம் தனிப் பையில் போட்டு எண் எழுதி வையுங்கள். மாறிப்போனால் எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது. கதவுத் திறப்பின் குறுக்கே கம்பியை வெல்டிங் வைத்த பிறகே பாடியைத் தூக்க வேண்டும், இல்லையென்றால் வளைந்துவிடும்.

948 சி.சி. இன்ஜின் வருடக்கணக்கில் நின்றால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுப்பது நம் ஊர் வழக்கம். ரிங் உடையும், சிலிண்டர் கீறும். பிளக்கைக் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் மாட்டி இப்படியும் அப்படியும் துளித்துளியாக அசைத்தால் பெரும்பாலும் இளகிவிடும். பிடிவாதம் பிடித்தால் ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். இந்த இன்ஜின் குடும்பம் பிற்பாடு 1493 சி.சி. வரை வளர்ந்து ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் வரை போனது. அதனால் இங்கிலாந்தில் உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறது. சென்னைப் புதுப்பேட்டையில் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காவிட்டால் இங்கிலாந்தில் ஆர்டர் போடலாம்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒரு பாகம் முன் சக்கரத்தில் இருக்கிறது. ட்ரன்னியன் என்று பெயர். மரை போட்ட பித்தளைக் கட்டி. அதற்குள் இரும்புத் தண்டின் மரைமுனை இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்த மரைதான் சுழல்கிறது. இதற்கு ஊற்ற வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். சர்வீஸ் ஸ்டேஷன் பையன் எல்லா நிப்பிளையும் போல இதிலும் கிரீஸ் அடித்துவிடுவான். கிரீஸ் அடியில் இறுகி நிற்கும், மரைக்குள் ஏறாது. மேலிருந்து தண்ணீர் இறங்கும். இரும்பு துருப்பிடித்து ஒருநாள் பட்டென முறியும்; சக்கரம் மடங்கிப் படுக்கும். ஆகவே பழைய ஹெரால்டு கைக்கு வந்தால் ட்ரன்னியனைக் கழற்றிப் பார்க்காமல் தெருமுனை வரைகூட ஓட்டாதீர்கள். மரையில் துருக்குழி தெரிந்தால் மாற்றிவிடுங்கள். தேய்த்துத் துடைத்துத் திரும்ப மாட்டும் சிக்கனம் இங்கே வேண்டாம்.

பிரேக் சிலிண்டர் ரப்பர், ஹோஸ், எலி கடித்த ஒயரிங் எல்லாம் யோசிக்காமல் புதுசு. டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும், கழுவிக் கொட்டுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாயையும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமையும் அது அரித்துவிடும். எத்தனால் தாங்கும் ரகமாகப் பார்த்து மாற்றுவது நல்லது.

கடைசியில் காகிதம். 50 வயது தாண்டிய கார்களுக்கு மத்திய அரசு 2021-ல் ‘வி.ஏ.’ என்ற தனி நம்பர் வரிசையைக் கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்து வருடம் செல்லும். நம்பர் பிளேட் கௌரவமாகத்தான் இருக்கும். ஆனால், கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். தினசரி ஓட்டக் கூடாது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் காரை ராலிக்கு மட்டும் எடுப்பது எனக்கு ஒப்பவில்லை. பழைய ஆர்.சி. கையில் இருந்தால் அதையே ஐந்து வருடத்துக்கொரு முறை புதுப்பித்து, சாதா நம்பரோடு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கு ஓட்டிப்போகலாம். பெயின்ட்? அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.