பட்டுக்கும் மூச்சு விட இடம் கொடுங்கள்!

நான் படித்தது பத்தாம் வகுப்பு வரைதான். ஆனால் வாழ்க்கைப்பட்டது ஆரணியில், தறி ஓடும் வீட்டில். பட்டைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு எனக்கு. அந்த நினைப்புக்குக் கிடைத்த சூட்டைத்தான் எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன், வைகாசி மாதம், மதுரையில் என் சித்தி மகளுக்குக் கல்யாணம். என் நாத்தனாரிடம் அவளுடைய முகூர்த்தப் புடவையைக் கேட்டேன். "எடுத்துட்டுப் போங்க அண்ணி, இதுக்குப் போய் கேக்கணுமா?" என்று பீரோவைத் திறந்து கொடுத்தாள். அது கடையில் வாங்கிய புடவை இல்லை. ஒரே மகளுக்காக என் மாமனாரே குழித்தறியில் உட்கார்ந்து நெய்தது. அதற்குப் பிறகு அவருக்குப் பார்வை மங்கி, தறியை விட்டு இறங்கிவிட்டார்.

மண்டபத்தில் ஒரே புழுக்கம். வியர்த்துக் கொட்டியது. மறுநாள் மறுவீட்டுக்கும் அதையே கட்ட வேண்டியிருந்ததால், இரவே சுடச்சுட மடித்து பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தேன். காலையில் எடுத்தால் வியர்வை வாடை. அவசரத்தில் யாரோ கொடுத்த சென்ட்டைப் புடவை மேலேயே அடித்துக்கொண்டேன். திரும்பும்போதும் அதே கவர்தான். போதாததற்குப் பையில் ஈரத்துண்டு வேறு!

ஊருக்கு வந்து இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் எனக்கு உயிரே போய்விட்டது. மடிப்பெல்லாம் மஞ்சள் கறை. சென்ட் பட்ட இடத்தில் ஜரிகை கறுத்துக் கிடந்தது. மாமனார் திட்டவே இல்லை. புடவையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், கறுத்த இடத்தைக் கட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "பட்டு, பூச்சி கொடுத்த நூலும்மா. அதுக்கும் மூச்சு விட இடம் வேணாமா?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டிரை க்ளீனிங்கில் வாடை போனது, கறையும் முக்கால்வாசி மறைந்தது. ஜரிகைக் கறுப்பு மட்டும் போகவே இல்லை. அசல் ஜரிகை என்பது பட்டு நூல் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. வெள்ளிக் கொலுசு கறுப்பதைப் போல ஜரிகையும் கறுக்கும். கொலுசைத் தேய்க்கலாம், ஜரிகையைத் தேய்த்தால் முலாமே போய்விடும்.

வியர்வைக்குத் தானாக அவ்வளவு வாடை கிடையாதாம். ஈரத்தில் கிருமி பெருகித்தான் வாடை வருகிறதாம். அதனால் துணியை உடனே உலர்த்துவதுதான் முதல் வைத்தியம். மாமனாரிடம் கேட்டும், பட்டுத் தெரிந்தும், வெளியூர் போனால் நான் இப்போது செய்வது:

* ரவிக்கையின் அக்குளில் பழைய பருத்தித் துணியை இரண்டு மடிப்பாக வைத்து, லேசாக ஓட்டுத் தையல் போட்டுவிடுவேன். இரவில் பிரித்து அதை மட்டும் அலசினால் போதும்.

* சென்ட், பவுடர் எல்லாம் உடம்புக்குத்தான். அவை உலர்ந்த பிறகே புடவை கட்டுவேன்.

* அவிழ்த்ததும் மடிக்க மாட்டேன். கொடியில் துண்டு போட்டு, அதன் மேல் புடவையை விரித்து, ஃபேன் காற்றில் இரண்டு மூன்று மணி நேரம் விடுவேன். வெயிலில் போட்டால் சாயம் வெளுக்கும்.

* பிறகு பழைய வேட்டித் துணியில் சுற்றி, நாலு வெட்டிவேரைத் தனியாக முடிந்து பையில் வைப்பேன். பிளாஸ்டிக் கவர் கிடையாது. பாச்சா உருண்டை ஜரிகையில் படவே கூடாது.

* வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பையைப் பிரிப்பது. காப்பி அதற்குப் பிறகுதான்!

பிரயாணத்தில் கட்ட நூல் புடவைதான் நல்லது. பாலியஸ்டரில் வியர்வை வாடை அதிகம் தங்கும். பிள்ளைகளின் பனியன், சாக்ஸை இரவே அலசிப் பிழிந்து, உலர்ந்த துண்டில் சுருட்டி அழுத்தினால் பாதி ஈரம் போய்விடும். ஃபேன் அடியில் போட்டால் காலையில் காய்ந்திருக்கும்.

என் நாத்தனார் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன தை மாதம் ஒரு விசேஷத்துக்கு அதே புடவையைக் கட்டி வந்தாள். கறுத்த இடம் உள்ளே போகும்படி கொசுவம் வைத்திருந்தாள். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரவல் புடவை கட்டும் சகோதரிகளே, அதை நெய்த கையையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

- ஒரு வாசகி, ஆரணி.