வோல்வரினுக்கு நம்ம மலையில ஒரு தம்பி!

வோல்வரின்னு சொன்னதும் உங்களுக்கு யார் ஞாபகம் வரும்? விரல் இடுக்குல இருந்து 'சரக்'குனு கத்தி நீட்டுற ஹக் ஜேக்மேன்தானே! 2000-ல 'எக்ஸ்-மென்' படம் வந்ததுல இருந்து, அந்தப் பேருன்னாலே அவர் முகம்தான். ஆனா, பேரோட ஒரிஜினல் சொந்தக்காரர் மனுஷர் இல்லை பாஸ்... ஒரு மிருகம்!

கனடா, அலாஸ்கா, ரஷ்யா, நார்வேன்னு பனி கொட்டுற ஏரியாதான் அய்யா ஏரியா. பார்க்க குட்டிக் கரடி மாதிரி இருந்தாலும், சாதி சனம் எல்லாம் நீர்நாய் குடும்பம். பனிக்கு அடியில புதைஞ்சு கிடக்குற செத்த மானைக்கூட மோப்பம் பிடிச்சுடும். உறைஞ்ச கறியையும் எலும்பையும் நொறுக்குற பல்லு. தின்னது போக மிச்சத்தைப் பனிக்குள்ள புதைச்சு வெச்சுக்கும்... கரன்ட் பில் இல்லாத ஃப்ரிட்ஜ்! குட்டி போடுறதும் பனிக்குள்ள தோண்டின பொந்துலதான். பூமி சூடாகி பனி குறைஞ்சா, பிரசவ வார்டே காலி. அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த அமெரிக்காவுல 2023-ல இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமா அறிவிச்சதுக்கு இதுவும் ஒரு காரணம்.

'மதுரை வெயில்ல வாடுற எங்களுக்கு எதுக்குப்பா இந்தப் பனிக்கதை?'ங்கறீங்களா? மேட்டரே இனிமேதான். வோல்வரினோட நெருங்கின சொந்தம் ஒண்ணு நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கு. பேரு, நீலகிரி மார்ட்டன். தென்னிந்தியாவுல இருக்குற ஒரே மார்ட்டன் இனம். உலகத்துல வேற எந்த மலையிலயும் கிடையாது!

அண்ணன் பதினஞ்சு கிலோ பயில்வான்னா, தம்பி ரெண்டு கிலோ சொச்சம்தான். கரும்பழுப்பு உடம்பு, நீளமான வால், கழுத்துல மஞ்சள் மஃப்ளர் சுத்தின மாதிரி பளிச்சுனு ஒரு கலர். மரநாய்னு நினைச்சு ஏமாந்துடாதீங்க. அது நைட் ஷிஃப்ட், இது பெரும்பாலும் பகல் ஷிஃப்ட். கிளைக்குக் கிளை தாவி அணில், பறவை, பூச்சின்னு வேட்டையாடும். பழமும் தேனும் கிடைச்சாலும் விடாது.

இவ்வளவு கெத்தா இருந்தும் நம்மள்ல யாருக்கும் இதைத் தெரியாது. காரணம், இருக்குறதே கொஞ்சம். சோலைக்காடுகள் பல தேயிலைத் தோட்டமாவும் யூகலிப்டஸ் தோப்பாவும் மாறிப்போச்சு. மரத்து மேலயே வாழ்ற ஜீவனுக்கு, நடுவுல காடு அறுந்து போறதுங்கறது நமக்குப் பாலம் இடிஞ்ச மாதிரி. அந்தப் பக்கம் இருக்குற சொந்தத்தைப் பார்க்கவே முடியாது.

இதுல நமக்கென்ன நஷ்டம்? மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி, கொஞ்சம் கொஞ்சமா ஓடையில விடுறது அந்த மலைக்காடுகள்தான். நம்ம வைகை பொறக்குறது வருசநாட்டு மலையில. அந்த மலையும் சேர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை காடுகளை 2021-ல புலிகள் காப்பகமா அறிவிச்சாங்க. புலி பேருல கிடைச்ச இந்தப் பாதுகாப்பு, பேர் தெரியாத சின்னச் சின்ன ஜீவன்களுக்கும் சேர்த்துதான். ஏ.வி. பாலத்துல பஸ் போகும்போது கீழே மணலைப் பார்த்து 'உச்' கொட்டுறோமே... அந்தக் கவலை மலையில இருந்தே ஆரம்பிக்கணும்.

அடுத்த டூர் தேக்கடியா? அந்தப் பக்கத்துக் காடும் மார்ட்டன் ஏரியாதான். யானையைத் தேடுற கண்ணை ஒரு நிமிஷம் மரக்கிளைக்கும் திருப்புங்க மக்களே. பாட்டுச் சத்தத்தைக் குறைச்சா, மஞ்சள் மஃப்ளர் தம்பி உங்களுக்கும் ஒரு 'ஹாய்' சொன்னாலும் சொல்லலாம்!