வேட்டியில் சிவக்கும் சாம்பார்

வெள்ளை வேட்டியில் சிந்திய சாம்பார்க் கறைமேல் பார் சோப்பைத் தேய்த்தால் மஞ்சள் கறை சட்டென்று சிவந்துவிடும். பதற வேண்டாம், நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்ற நிறமி, சோப்பின் காரம் பட்டதும் நிறம் மாறுகிறது. (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான காரம்.) மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைக்கும் பாட்டிமார்கள் காலங்காலமாகச் செய்துவரும் சோதனைதான் இது.

ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் கிடைக்கும், அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். தாளுக்கும் இதே குணம். மஞ்சள் ஒரு நிறமாற்றத்தோடு நின்றுவிடும். தாளிலோ வெவ்வேறு நிலையில் நிறம் மாறும் பல சாயங்கள் ஊறியிருக்கின்றன. அதனால் கடும் அமிலத்தில் சிவப்பு, நடுநிலையில் பச்சை, கடும் காரத்தில் கருநீலம் என்று படிப்படியாகக் காட்டும். அந்தப் படிகளுக்கு எண் கொடுத்தவர் டென்மார்க்கின் சோரன்சன். 1909இல், கார்ல்ஸ்பெர்க் மதுவாலையின் ஆய்வகத்தில். 7 நடுநிலை. ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது.

எலுமிச்சைச் சாறு 2 அருகே நிற்கும். ஆனால் வேடிக்கை இட்லி மாவில்தான். இரவு ஆட்டியதும் ஒருமுறை, காலையில் பொங்கிய பிறகு ஒருமுறை பாருங்கள். தாளின் ஒரு பக்கம் மாவைத் தடவி, ஈரம் ஊறிய மறுபக்கத்தில் நிறம் பார்க்க வேண்டும். 6 அருகே இருந்தது 5ஐ ஒட்டி இறங்கியிருக்கும். புளிப்பின் கணக்கு அது.

குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிப்பது 6.5 முதல் 8.5 வரை. வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர்கூட 7.5 காட்டித் தேறிவிடும். உப்பும் கிருமியும் தாளுக்குத் தெரியாது. ஆர்.ஓ. தண்ணீரிலோ தாளே தடுமாறும்: உப்புகள் குறைவு, காற்றிலுள்ள கரியமில வாயு கொஞ்சம் கரைந்தாலே லேசாக அமிலம் பக்கம் சாய்ந்துவிடும். குடித்தால் கெடுதல் இல்லை. நம் இரைப்பையே எலுமிச்சைச் சாற்றுக்கு இணையான அமிலம்.

இந்த லேசான அமிலச் சாய்வை வைத்துத்தான் சில குடிநீர் இயந்திர விற்பனையாளர்கள் வீடு தேடி வந்து உங்கள் தண்ணீரில் நிறம் மாறும் சாயச் சொட்டு விட்டு, மஞ்சளாகக் காட்டி மிரட்டுகிறார்கள். அவர்கள் இயந்திரத்தின் தண்ணீர் மட்டும் நீலப்பச்சையாக மாறும். அடுத்தமுறை வந்தால், உங்கள் தம்ளரில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டு அதே சொட்டை விடச் சொல்லுங்கள்.