வளைகாப்பு முடிந்தும் அழுகையா?

கே.கே. நகரில் என்னிடம் வரும் மாமியார்கள் சிலர், "வளைகாப்பு போட்டாச்சு, இன்னும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா டாக்டர்!" என்பார்கள். திமிர் இல்லீங்க அது.

கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியே ஒரு ஹார்மோனைச் சுரந்து தாயின் கார்ட்டிசாலை ஏற்றிவிடும். கடைசி மாதங்களில் 2, 3 மடங்கு. இது இயற்கை. அதில் பெரும்பகுதி குழந்தைக்குப் போகாமல், நஞ்சுக்கொடியிலுள்ள என்சைம் ஒன்று செயலிழக்கச் செய்கிறது. ஓயாத கவலை இந்தக் காவலைத் தளர்த்தலாம் என்கின்றன சில ஆய்வுகள்.

எல்லோருக்கும்தான் ஏறுகிறது என்பதால், கார்ட்டிசால் டெஸ்ட் எடுத்து மனச்சோர்வைக் கண்டுபிடிக்க முடியாது. 2 வாரமாக அழுகை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மனநல டாக்டரிடம் காட்டுங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் அதற்குத் தனிப் பிரிவே உண்டு. நீங்களாக லேகியம், சூரணம் வேண்டாம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையையும் திடீரென நிறுத்தாதீர்கள். "செத்துடலாம் போலிருக்கு" என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, தனியாக விடாதீர்கள். 14416-க்குப் போன் செய்தால் இலவசமாகப் பேசுவார்கள்.