வில்லங்கச் சான்றில் தெரியாத வில்லங்கம்

வீடு வாங்கப் புறப்படும் நம்மவர் முதலில் தரகரைப் பார்க்கிறார். அடுத்து, பதிவுத்துறையில் 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுக்கிறார். அடமானம் எதுவும் அதில் இல்லை, கடைசிக் கிரயப் பத்திரம் விற்பவருடைய மர்ஹூம் தந்தையின் பெயரில் இருக்கிறது என்று கண்டதும் மனம் குளிர்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி முன்பணத்தை நீட்டிவிடுகிறார்.

அன்பு வாசகர்களே! அந்தப் பணம் இன்னும் ஒரு வாரம் உங்களிடமே இருக்கட்டும். வில்லங்கச் சான்று என்பது பதிவான பத்திரங்களின் பட்டியலேயன்றி வேறன்று. பதிவாகாத உரிமை எதுவும் அதில் ஏறாது. நம் குடும்பங்களின் வீடுகளிலோ, எழுத்தும் முத்திரையும் இன்றியே முழுமை பெற்றுவிடும் பாத்தியதைகள் பல உள்ளன. வாங்குபவரைப் பின்னாளில் நீதிமன்றத்துக்கு இழுப்பவை பெரும்பாலும் இவையே. மறுமையில் கேள்வி கேட்கப்படுவதும் இவை பற்றித்தான்.

அவற்றுள் தலையாயது வாரிசுரிமை. ஒருவர் கண்மூடிய அந்தக் கணத்திலேயே, அடக்கச் செலவும், அவர் பட்ட கடனும், மனைவிக்குக் கொடுபடாத மஹரும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத மரண சாசனமும் போக, எஞ்சிய சொத்து வாரிசுகளுக்கு உரியதாகிவிடுகிறது. இதற்குப் பத்திரம் வேண்டியதில்லை. எவருடைய சம்மதமும் வேண்டியதில்லை. திருக்குர்ஆனின் 'அந்நிஸா' அத்தியாயத்து 11, 12ஆம் வசனங்கள் பங்குகளை வரையறுத்துவிட்டன.

ஒரு கணக்கைப் பாருங்கள். பெற்றோரை முன்பே இழந்த ஒருவர், மனைவியையும் இரு ஆண் மக்களையும் இரு பெண் மக்களையும் விட்டுக் காலமாகிறார். கடன், மஹர் முதலியவை தீர்ந்தபின் அவர் விட்டுச்சென்ற வீட்டின் மதிப்பு 48 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்றாக 6 லட்சம். எஞ்சிய 42 லட்சத்தில் ஆண் மக்கள் ஒவ்வொருவருக்கும் 14 லட்சம். பெண் மக்கள் ஒவ்வொருவருக்கும் 7 லட்சம். இப்போது அண்ணனும் தம்பியும் மட்டும் கையொப்பமிட்டு அந்த வீட்டை உங்களுக்கு முழுவதுமாக விற்கிறார்கள். நீங்கள் 48 லட்சம் கொடுக்கிறீர்கள். உங்கள் கைக்கு வருவதோ 28 லட்சத்துக்குரிய பங்கு மட்டுமே. எஞ்சிய 20 லட்சத்துக்கு அந்த முதிய தாயும் இரு சகோதரிகளும் உங்களோடு கூட்டுப் பங்காளிகள் ஆகிறார்கள். அவர்களுள் எவரும் பாகப் பிரிவினை கோரி வழக்குத் தொடுக்கலாம். பட்டாவில் அண்ணன் தம்பி பெயர் மட்டுமே இருக்கிறதே என்றால், பட்டா ஒன்றே பெண் மக்களின் உரிமையை அழித்துவிடாது.

"தங்கைகள் நல்ல இடத்தில் வாழ்கிறார்கள், ஒன்றும் கேட்கமாட்டார்கள்" என்று விற்பவர் சொல்வார். இந்தச் சொல்லைக் கேட்டவுடன் எச்சரிக்கையாகிவிடுங்கள். கேட்காதிருப்பது வேறு, விட்டுக்கொடுப்பது வேறு. உண்மையிலேயே மனமுவந்து விட்டுக்கொடுப்பவராயின், தந்தை இறந்தபின், தம் பங்கு எவ்வளவு என்று அறிந்துகொண்டு, விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்கட்டும். அல்லது விற்பனைப் பத்திரத்திலேயே அவரும் கையொப்பமிடட்டும். தந்தை உயிரோடு இருக்கும்போதே மகளிடம் எழுதி வாங்கிவைத்த "எனக்குப் பங்கு வேண்டாம்" என்னும் சீட்டை நம்பாதீர்கள். வாழ்பவரின் சொத்தில் வாரிசுக்கு இன்னும் உரிமையே பிறக்கவில்லை. பிறவாத உரிமையை எப்படித் துறப்பது?

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடலோர ஊர்களில் திருமணத்தின்போது மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. அதனால் அங்கே சகோதரர்கள், "அவளுக்குத்தான் வீடே கொடுத்தாயிற்றே" என்பர். தந்தை தம் வாழ்நாளில் கொடுத்தது அன்பளிப்பு. அவர் இறந்தபின் கிடைப்பது வாரிசுப் பங்கு. முன்னதைக் காட்டிப் பின்னதை மறுக்க ஷரீஅத்தில் இடமில்லை. இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். அந்த அன்பளிப்பு பெரும்பாலும் வாய்மொழியாகவே நடந்திருக்கும். கொடுப்பதாகச் சொல்லுதல், ஏற்றல், அனுபவத்தில் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறினால் ஹிபா செல்லும். எழுதப்பட்ட ஹிபாவுக்குக்கூடப் பதிவு கட்டாயமில்லை என்பதை உச்சநீதிமன்றம் 2011இல் தெளிவாக்கியது. ஆகவே பத்திரம் தந்தையின் பெயரில் இருக்க, வீடு என்றோ மகளுக்கு உரியதாகி இருக்கக்கூடும். இதை எந்தச் சான்றும் காட்டாது. நேரில் போய், வீட்டில் குடியிருப்பவர் யார், எந்த உரிமையில் இருக்கிறார் என்று கேட்பது ஒன்றே வழி.

வாரிசுகளை அறிய, இறப்புச் சான்றும் வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றும் வாங்கிப் பாருங்கள். ஆனால் அச்சான்றோடு நின்றுவிடாதீர்கள். மறைந்தவருக்கு மற்றொரு மனைவியோ அவர் வழி மக்களோ உண்டா? தந்தைக்குப் பின் காலமான மகள் உண்டா? அப்படியானால் அவருடைய பங்கு அவர் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்ந்துவிட்டது. அவர்களும் கையொப்பமிட வேண்டும். ஊர் ஜமாஅத்தில் விசாரித்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும் செய்திகள் இவை.

எல்லாவற்றினும் ஆபத்தானது சிறார் பங்கு. கணவரை இழந்த தாய், கடன் தொல்லையால், தம் மக்களுக்காகத் தாமே கையொப்பமிட்டு வீட்டை விற்பது நாம் காணும் காட்சி. அவருடைய துயரம் உண்மை, அவர் நோக்கமும் தூயது. ஆயினும் அந்த விற்பனை சிறுவர் பங்கைப் பொறுத்தவரை செல்லாது. முஸ்லிம் சட்டப்படி சிறுவரின் சொத்துக்குப் பாதுகாவலர் தந்தை, தந்தை நியமித்தவர், தந்தையின் தந்தை, அவர் நியமித்தவர் ஆகியோரே. தாயோ, தமையனோ, சிறிய தந்தையோ தாமாகவே விற்கும் அதிகாரம் பெற்றவர் அல்லர். பிரிவி கவுன்சில் 1918இலேயே இதை உறுதி செய்துவிட்டது. தேவை எத்துணை நியாயமானதாயினும், வாங்கியவர் எத்துணை நல்லவராயினும், விலை எத்துணை உயர்ந்ததாயினும் இவ்விதி தளராது. சிறுவன் வளர்ந்து வந்து தன் பங்கைக் கேட்டால் அவன் பக்கமே நியாயம் இருக்கும்.

இதற்கு வழி உண்டு. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் தாயைக் காப்பாளராக நியமிக்கச் செய்து, விற்பதற்கு அனுமதியும் பெற வேண்டும். சில மாதங்கள் ஆகலாம். விற்பவர் அவசரப்படுத்தினால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்.

மதீனாவில் பெருமானாரின் ஒட்டகம் மண்டியிட்ட இடம், ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களுக்குரிய, பேரீச்சம்பழம் உலர்த்தும் களம். அங்கே பள்ளிவாசல் எழுப்ப நாடிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிறுவர்களை அழைத்து விலை பேசினார்கள். விலை வேண்டாம், அன்பளிப்பாகவே தருகிறோம் என்றனர் சிறுவர்கள். அண்ணலார் அதை ஏற்கவில்லை. விலைக்கே வாங்கினார்கள் என்று புகாரீயில் பதிவாகியுள்ளது. அல்லாஹ்வின் இல்லத்துக்கே இந்த முறை என்றால், நம் இல்லத்துக்கு எப்படி இருக்க வேண்டும்!

வேறு சிலவும் உண்டு. ஒத்திக்கு இருப்பவர் கையில் பதிவாகாத ஒப்பந்தம் இருக்கக்கூடும். அசல் பத்திரம் கடனுக்காக எங்கேனும் தங்கியிருக்கக்கூடும். நகல்களைக் காட்டினால் ஏற்காதீர்கள், மூலப் பத்திரங்களைக் கண்ணால் பாருங்கள். மனை, வக்ஃபு நிலத்தின் பகுதியா என்பதை வக்ஃபு வாரியப் பதிவேட்டில் சரிபாருங்கள். கைபர் நிலத்தை உமர் (ரலி) அவர்கள் அறமாக்கியபோது அதை விற்கவோ வழங்கவோ வாரிசாகப் பெறவோ கூடாது என்பதே நிபந்தனையாயிற்று. 1995ஆம் ஆண்டு வக்ஃபு சட்டத்தில் 2013இல் வந்த திருத்தமும் விற்பனையைத் தடுக்கிறது. பின்னர் நில அளவரைக் கொண்டு நான்கு எல்லையையும் அளந்துவிடுங்கள். பத்திரத்தில் உள்ள அளவும் மண்ணில் உள்ள அளவும் ஒன்றாக இருப்பது அரிது.

இனி விற்பவருக்கு ஒரு வார்த்தை. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகளும், 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழையைக் கண்ட காயல்பட்டினத்தில் நீர் தேங்கிய வீடுகளும் அங்கேயேதான் நிற்கின்றன. சுவரில் நீர் நின்ற கோட்டை வெள்ளையடித்து மறைத்துவிட்டு, "மேடான பகுதி" என்று சொல்லி விற்பது எத்தகைய வாணிபம்? ஆழ்துளைக் கிணற்றில் உப்பு ஏறியிருப்பதையும், தளம் கசிவதையும், பக்கத்து வீட்டாரோடு சுவர்த் தகராறு இருப்பதையும் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்றும், மறைத்தால் அது அழிந்துபோகும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். சாதாரணக் கவனத்தால் வாங்குபவர் கண்டறிய முடியாத பெருங்குறைகளை வெளியிடுவது விற்பவரின் கடமை என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டமும் சொல்கிறது.

விற்குமுன் பக்கத்து வீட்டாரிடம் ஒருமுறை கேளுங்கள். ஷுஃப்ஆ என்னும் முன்வாங்கும் உரிமையை ஷாஃபி மத்ஹப் கூட்டுப் பங்காளிக்கு மட்டும் தருகிறது. ஹனஃபி மத்ஹப் அண்டை வீட்டாருக்கும் தருகிறது. நம் பகுதியின் நீதிமன்றம் இவ்வுரிமையை ஏற்கவில்லை. சென்னை உயர்நீதிமன்றம் 1870இலேயே மறுத்துவிட்டது. எனவே அண்டை வீட்டார் வழக்காட முடியாது. ஆனால் அபூ ராஃபிஃ (ரலி) அவர்கள், ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் வளாகத்தில் தமக்கிருந்த இரண்டு வீடுகளை விற்ற வரலாறு நினைவுகூரத்தக்கது. வெளியார் 500 தீனார் தருவதாகச் சொல்லியிருந்தும், அண்டை வீட்டாராகிய ஸஅத் தவணை முறையில் தர முன்வந்த 4,000 திர்ஹத்துக்கே அவர் கொடுத்துவிட்டார். அண்டை வீட்டாருக்கே உரிமை மிகுதி என்று நாயகத்திடம் செவியுற்றதே காரணம் என்றும் கூறினார். அந்த அளவுக்கு நாம் இறங்கிக் கொடுக்காவிட்டாலும், கேட்காமலேயே விற்றுவிட்டு, ஆண்டாண்டாகப் பழகியவர் மனத்தில் வடு ஏற்படுத்த வேண்டியதில்லை.

விலையை உள்ளபடி எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலுக்குப் பின் முத்திரைத் தீர்வை முதலியவற்றுக்கு 7 விழுக்காடு, பதிவுக்கு 2 விழுக்காடு என்று ஆகிறது, சுமைதான். அதற்காக 48 லட்சத்தை 30 லட்சம் என்று எழுதி, இரண்டு சாட்சிகளை அதன் கீழே கையொப்பமிடச் செய்வது பொய்ச் சாட்சியன்றி வேறென்ன? உலகியலாகப் பார்த்தாலும் நட்டமே. நாளை விற்பனை முறிந்தால் பத்திரத்தில் உள்ள தொகையையே கேட்டுப் பெற முடியும். வீட்டை மறுபடி விற்கும்போது, எழுதாத 18 லட்சத்துக்கும் ஆதாய வரி கட்ட நேரும்.

முன்பண ஒப்பந்தத்தை எழுத்தில் கொண்டுவந்து பதிவு செய்துகொள்ளுங்கள். தவணைக் கடனைச் சாட்சிகளோடு எழுதிவைக்கப் பணிக்கும் 'அல்பகரா' 282ஆம் வசனமே திருமறையின் மிக நீண்ட வசனம். வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் முழுவதையும் விழுங்கிக்கொள்ளும் வழக்கத்தை ஹனஃபி, ஷாஃபி அறிஞர்கள் ஏற்பதில்லை. ஹன்பலி அறிஞர்கள் அனுமதிக்கின்றனர். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு, ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதிவிடுவது நல்லது.

வளைகுடாவில் இருக்கும் மகன் அதிகாரப் பத்திரம் அனுப்புவதானால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். கொடுத்தவர் காலமானால் அந்த அதிகாரமும் காலமாகிவிடும்.

பதிவு நாளன்று 48 லட்சத்தையும் மூத்தவர் கையில் கொடுத்து, "நீங்களே பிரித்துக் கொடுங்கள்" என்று வந்துவிடாதீர்கள். தாய்க்குரிய 6 லட்சம் தாயின் வங்கிக் கணக்கிலும், ஒவ்வொரு மகளுக்குரிய 7 லட்சம் அவரவர் கணக்கிலும், ஆண் மக்களுக்குரியது அவர்கள் கணக்கிலும் தனித்தனியே சேரட்டும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2015 முதல் தடுத்துள்ளதால் இம்முறை எவருக்கும் வேறுபாடாகவும் தோன்றாது. எந்தக் கணக்கில் எவ்வளவு என்பது பத்திரத்திலும் இடம்பெறட்டும். விற்பவர் மூலப் பத்திரங்களோடு வீட்டு வரி, குடிநீர் வரி, மின் கட்டணம் ஆகியவற்றின் கடைசி ரசீதுகளையும் சாவிக்கொத்தையும் அன்றே ஒப்படைத்துவிடட்டும். வாங்கியவர் பெயர் மாற்ற மனுக்களை அந்த வாரத்திலேயே கொடுத்துவிடலாம். உட்பிரிவு செய்ய வேண்டிய மனையாயின் நில அளவர் வந்து அளந்த பின்பே பட்டா மாறும்.